சுவர் இல்லாதவருக்குக் கொடுத்த கலண்டர்

சுவர் இல்லாத ஒரு மனிதருக்கு நான் ஒருமுறை சுவர்க் கலண்டர் பரிசளித்திருக்கிறேன். குடித்துவிட்டுச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது காலை நேரம். குளித்து, திருநீறு பூசி, டை கட்டி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. வருஷக் கடைசியில் ஆளுக்கு ஒரு கட்டுக் கலண்டர் தருவார்கள். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் நடந்தால் எனக்கு ஒரு மிதப்பு வரும். சலூன்காரர், பேக்கரிக்காரர், தேங்காய்க் கடைக்காரர் எல்லோரும் அந்தக் கிழமை மட்டும் என்னை ஒரு மனிதனாக மதிப்பார்கள். அன்று கடைசியாக ஒன்று கையில் மிஞ்சியது. காலி வீதியில் ஒரு புடவைக் கடையின் பூட்டிய ஷட்டருக்கு முன்னால், இரவு விரித்துப் படுத்த காட்போட் மட்டையை மடித்துக்கொண்டிருந்தார் அவர். தினமும் என்னைக் கண்டால் “வேலைக்கா சார்?” என்று கேட்பவர். கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கினார். விரித்துப் பார்த்தார். எங்கள் கம்பனியின் வீட்டுக் காப்புறுதி விளம்பரம்: ஓட்டு வீடு, முன்னால் ஒரு கார், பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம்.

“எங்கங்க சார் மாட்டுறது?” என்று கேட்டார்.

அவர் ஆலோசனை கேட்கிறார் என்று நினைத்தேன். கிழக்குப் பார்த்த சுவர் நல்லது என்று சொன்னேன்.

பஸ் பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் எனக்கு விளங்கியது. இறங்கித் திரும்ப ஓடி மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். வேலைக்குப் போனேன்.

அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குக் கொண்டுவந்து விடப்பட்டவர். கடையிலேயே வேலை, கடையிலேயே படுக்கை. பிறகு கலவரத்தில் கடை எரிந்தது. முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். இவருடைய கடதாசிகள், உடுப்பு, படுக்கை எல்லாம் கடையோடு போயின. அன்று தொடங்கி நடைபாதைதான். பகலில் வெள்ளவத்தைச் சந்தையில் மூட்டை தூக்குவார், மீன் பெட்டி கழுவுவார். பின்னேரத்தில் கொஞ்சம் குடிப்பார்.

குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அவருக்கு இருந்த பெரிய ஆபத்து அடையாள அட்டை இல்லாதது. அந்தக் காலத்தில் கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் சத்தம் தமிழர் குடியிருக்கும் வெள்ளவத்தையில்தான் கேட்கும் என்று நாங்கள் பகிடி விடுவோம். உடனே சுற்றிவளைப்பு. தமிழரென்றால் அட்டை, பொலிஸ் பதிவு, இருக்கும் வீடு, மூன்றையும் காட்ட வேண்டும். அவரிடம் ஒன்றும் இல்லை. அட்டை எடுக்கக் கிராம சேவகரின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீடு தருபவர்கள் முதலில் கேட்பது அட்டை.

பொலிஸ்காரர் கேட்கும் கேள்வி, “கொஹெத இன்னே?” அதாவது, எங்கே இருக்கிறாய்? இந்தக் கேள்வியில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரே வில்லங்கம்தான். குந்தியிருப்பதும் இருப்பதுதான், குடியிருப்பதும் இருப்பதுதான், உயிரோடு இருப்பதும் இருப்பதுதான். அவர் உண்மையைச் சொல்லுவார்: “மெஹே தமாய்.” இங்கேதான். நக்கல் அடிக்கிறான் என்று ஜீப்பில் ஏற்றுவார்கள். இரண்டு தரம் அப்படிப் போய், சந்தை வியாபாரிகள் கெஞ்சி வெளியே எடுத்தார்கள். இனி ஒரு தரம் பிடிபட்டால், வீட்டைக் காட்டாவிட்டால், நேரே பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று எச்சரித்திருந்தார்கள். பெரிய இடத்துக்குப் போனவர்களில் பலர் எப்போது வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

வெட்கம் வந்தால் மற்ற ஊர்க்காரர் மன்னிப்புக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தான் கமிட்டி அமைப்பான். கலண்டர் கொடுத்த வெட்கம் தாங்காமல் நானும் ஒரு கமிட்டி அமைத்தேன். நோக்கம், அவருக்கு ஒரு வீடு. தலைவர், பக்கத்துச் சின்ன ஒழுங்கையில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். இன்னும் இரண்டு மூன்று கனவான்கள். காரியதரிசி அடியேன். கூட்டம் நடந்த இடம், நான் அனெக்ஸில், அதாவது ஒட்டி எடுத்த அறையில், குடியிருந்த வீட்டின் முன் ஹோல். வீட்டுக்காரி ஒரு ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். மகன் லண்டனில். எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவோம், சந்தை ஆட்கள் அம்மா என்பார்கள்.

நான் அந்த அனெக்ஸுக்கு வந்த கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே பெட்டி படுக்கையோடு கிளம்பிய அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு, வன்னி, வவுனியா எல்லாம் கிடந்து உலர்ந்து, ஒரு பெட்டியோடு அன்ரியின் கேற்றில் வந்து நின்றேன். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்து, சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு அனெக்ஸின் பூட்டையும் திறப்பையும் கையில் தந்தார். பொலிஸ் பதிவுக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு வேலை கிடைக்கும் வரைக்கும் வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. இதையெல்லாம் நான் அப்போதும் நன்றியோடு நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கமிட்டியில் இருக்கும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

முதல் கூட்டம் முழுவதும் கமிட்டிக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. இரண்டாவது கூட்டத்தில் தலைவரா போஷகரா என்ற பிரச்சினை. அடுத்த கூட்டத்தில் ஒரு திட்டம் வகுத்தோம். அவர் முதலில் குடியை விட வேண்டும். பிறகு அட்டை எடுக்க வேண்டும். பிறகு நிரந்தர வேலை. இதெல்லாம் சரிவந்தால், ஏற்ற ஒரு அறை பார்ப்பது. அட்டைக்கு முகவரி வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். முகவரி இல்லாதவருக்குக் கடிதமே போகாது, வீடு எப்படிப் போகும் என்றார் தபாலதிபர். எல்லோரும் தலையாட்டினோம். அந்த விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அன்ரி மீன் ரோல்ஸ் பொரித்துத் தருவார். கமிட்டி அவ்வளவு ஒழுங்காகக் கூடியதற்கு அந்த ரோல்ஸும் ஒரு காரணம். அன்ரி குசினி வாசலில் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படியே அந்தக் கலண்டரின் வருஷமும் முடிந்து புது வருஷம் பிறந்தது. என்னுடைய கம்பனி அடுத்த கட்டுக் கலண்டரும் தந்துவிட்டது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் கூட்டம் இருந்தது. காலையில் சந்தைக்குப் போன அன்ரி மரக்கறி வாங்காமல் வெறும் பையோடு திரும்பி வந்தார். மூட்டை தூக்குகிறவரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்றார். என்னையும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். தலைவருக்கு அறிவிப்போமா என்று கேட்டேன். அன்ரி குடையை எடுத்துக்கொண்டு கேற்றைத் திறந்தார்.

பொலிஸ் நிலையத்தில் அவர் ஒரு மர வாங்கின் ஓரத்தில் குந்தியிருந்தார். பக்கத்தில் அவருடைய யூரியா பை. அந்தப் பைதான் அவருடைய சொத்து முழுவதும். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் தோளில் கை வைத்து இருத்தினான். மேசையில் இருந்த சார்ஜன்ட் களைத்துப்போன ஒரு ஆள். கெட்டவராகத் தெரியவில்லை. அன்ரியின் கொண்டையையும் குடையையும் பார்த்து “நோனா” என்று மரியாதையாகத்தான் பேசினார். நான் என்னுடைய அட்டை இருந்த சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த ஆள் ஒரு தொல்லையும் இல்லாதவர், தினமும் சந்தையில் காண்கிறோம் என்று அன்ரி தன்னுடைய பள்ளிக்கூடச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். சார்ஜன்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

“ஹரி நோனா. எயா கொஹெத இன்னே?”

அன்ரி வாங்கில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்தார்.

“மகே கெதர.”

என்னுடைய வீட்டில். கடைக்காரன் பிழையாகக் கூடுதலாகத் தந்த தேங்காயைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்து போன மனுசி அவர். சார்ஜன்டும் முழுக்க நம்பவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம், பின்னேரம் ஆள் அனுப்பிப் பார்ப்போம், அங்கே இல்லாவிட்டால் நோனாவும் வந்து பதில் சொல்ல வேண்டி வரும் என்றார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பொய் சொல்லி ஆளை எடுத்தார் என்று வந்தால் அவருக்கு வேலையும் போகலாம், அதற்கு மேலும் வரலாம்.

திரும்பி வரும்போது அன்ரி முன்னால் விறுவிறென்று நடந்தார். நான் நடுவில். அவர் பையோடு கொஞ்சம் பின்னால், நடைபாதையின் ஓரமாக, எங்களோடு வராத ஆள் மாதிரி வந்தார். ஒழுங்கை திரும்பும்போது அன்ரி நின்றார்.

“தம்பி, நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதனான். பொலிஸ் வாறதுக்குள்ள அதை உண்மையாக்கிப் போட வேணும்.”

வீட்டோடு ஒட்டினாற்போல் ஒரு கராஜ் இருந்தது. மகனை வெளிநாடு அனுப்பக் காரை விற்றதிலிருந்து அது குப்பைக்கிடங்கு. கால் உடைந்த கதிரைகள், பழைய சோதனைத் தாள் கட்டுகள், ஒரு ஆட்டுக்கல், மகனின் கரம் போட், தேங்காய் மட்டைகள், ஒரு குடும்பமாகவே குடியிருந்த எலிகள். எலிகளிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. அன்ரி சேலையை இழுத்துச் செருகினார். ஆட்டுக்கல் என் பங்குக்கு வந்தது. அதைத் தூக்கப் போய், தூக்க முடியாமல், கடைசியில் கேற்றடியில் நின்ற அவரே வந்து ஒரு பக்கம் பிடித்து, சந்தையில் மூட்டை புரட்டுகிற மாதிரி உருட்டி வெளியே கொண்டுபோனார். அதுவரை கேற்றைத் தாண்டி உள்ளே வராதவர், எனக்கு உதவி செய்யத்தான் முதன்முதலில் உள்ளே கால் வைத்தார்.

நாலு மணிக்குக் கமிட்டி வந்தது. எல்லோரும் வெள்ளைச் சேர்ட், அயர்ன் மடிப்பு. முற்றத்தில் கிடந்த குப்பையையும் என்னுடைய கோலத்தையும் பார்த்துத் தபாலதிபர் திகைத்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பயந்துபோனார். அது நியாயமான பயம்தான். ஆனால் அவர் அதைப் பயம் என்று சொல்லாமல் ஒழுங்கு என்று சொன்னார். குடியை விடாத ஆளுக்கு வீட்டைக் கொடுத்தால் நாளைக்கு என்ன நடக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா, கூட்டத்தில் இன்னும் தீர்மானமே எடுக்கவில்லையே என்றார்.

அன்ரி கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“வீடு இருக்கிற எத்தினை பேர் குடிக்கினம். அவையின்ர வீட்டை ஆர் பறிச்சது?”

தபாலதிபர் என்னைப் பார்த்தார். சனிக்கிழமைகளில் நானும் கந்தோர் நண்பர்களும் என்ன செய்கிறோம் என்பது ஒழுங்கைக்கே தெரியும். நான் கராஜ் கூரையைக் கவனமாகப் பார்த்தேன்.

“இந்தத் தம்பி பெட்டியோட வந்து நிண்ட அண்டைக்கு நான் கமிட்டி கூட்டினனானோ? திறப்பைத்தானே குடுத்தனான். உங்கட திட்டத்தில கடைசியா என்ன வைச்சிருக்கிறியள்? வீடு. அதை முதல்ல குடுத்துப் பாப்பம். மற்றதெல்லாம் பிறகு வரும், வராட்டிலும் ஆள் நனையாமப் படுக்கும்.”

பிறகு தும்புத்தடியைத் தபாலதிபரிடம் நீட்டினார். சொல்லத்தான் வேண்டும், மனுசன் வாங்கினார். அயர்ன் சேர்ட்டோடு ஒட்டடை அடித்தார். எங்கள் கமிட்டி செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். அதைச் செய்த நாளோடு கமிட்டியும் முடிந்துபோனது.

கேற்றுக்கு அடித்த பெயின்ற் கொஞ்சம் தகரத்தில் மிச்சம் இருந்தது. அன்ரி அதைத் தொட்டு, கராஜ் கதவில், கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், 14/1 என்று எழுதினார். வீடு பதினாலு. இது பதினாலின் கீழ் ஒன்று. தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எழுதி முடித்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு பூட்டையும் திறப்பையும் அவர் கையில் கொடுத்தார். அவர் திறப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மடியில் கட்டுவதா, பையில் போடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில் போட்டோம். அவர் தன்னுடைய பையை அவிழ்த்து, அடியிலிருந்து பொலித்தீன் சுற்றிய ஒரு சுருளை எடுத்தார். என்னுடைய கலண்டர். ஒரு வருஷத்து மழையில் ஒரு மூலைதான் நனைந்திருந்தது. ஆணி ஒன்று தேடி, கல்லால் அடித்து மாட்டினார். எந்தச் சுவரில் தெரியுமா? கிழக்குப் பார்த்த சுவரில்.

எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அது போன வருஷத்துக் கலண்டர், கழற்றுங்கள், அனெக்ஸில் புதுசு இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

“இருக்கட்டுங்க சார். தேதி பழசுதான். சுவரு புதுசு.”

நான் கேட்கவில்லை. புதுசை எடுத்துவர அனெக்ஸுக்கு ஓடினேன். அதோடு திரும்பி வரும்போது கேற்றடியில் இரண்டு பொலிஸ்காரர்கள்.

ஒருவர் வெளியே நின்றார். இளம் கொன்ஸ்டபிள் உள்ளே வந்து கதவு இலக்கத்தைப் பார்த்தார். பெயின்ற் இன்னும் காயவில்லை. நல்ல வேளை, தொட்டுப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார், கொடியில் கிடந்த சாரத்தைப் பார்த்தார். பிறகு கலண்டருக்கு முன்னால் நின்றார். தாளைப் புரட்டினார். வருஷத்தைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“ஆ, கிய அவுருத்தே இந்தலா நேத?”

போன வருஷத்திலிருந்தே இங்கேதானா என்று கேட்கிறார். கேட்டது சுவரிடம்தான், எங்களில் யாரிடமும் இல்லை. அன்ரி வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. நான் திறந்தேன். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்தவனுக்குப் பிழையான திகதியைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. புதுக் கலண்டரைக் கையில் நீட்டிக்கொண்டு, இல்லை, அது வந்து, என்று தொடங்கிவிட்டேன்.

“இந்தாரும் தம்பி, ரோல்ஸ் சாப்பிடும்” என்று அன்ரி என் வாயில் ஒன்றை வைத்தார். கொன்ஸ்டபிளுக்கும் ஒன்று கொடுத்தார். அவர் சாப்பிட்டு, பிளேன்டீ குடித்து, நோனாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அப்படி நடக்கவும் இல்லை. முதல் சில கிழமை அவருக்கு உள்ளே நித்திரை வரவில்லை. கதவைத் திறந்து போட்டு, தலை உள்ளே, கால் வெளியே என்று வாசலில் படுத்தார். குடியும் இருந்தது. அயலவர்கள் அன்ரியிடம் முறைப்பாடு சொன்னார்கள். லண்டனிலிருந்து மகன் ரெலிபோனில் சத்தம் போட்டார். அன்ரி எல்லோருக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, பின்னேரம் கராஜ் பக்கம் ஒரு தட்டுச் சோறு அனுப்பினார். நானாக இருந்தால் மகனின் முதல் அழைப்போடு கைகழுவியிருப்பேன்.

மெல்ல மெல்லக் கால்களும் உள்ளே வந்தன. இரண்டாவது சேர்ட் ஒன்று வாங்கினார். அதுவரை ஒன்றுக்கு மேல் வைத்திருக்க அவருக்கு இடம் இல்லை என்பது அதைக் கண்ட பிறகுதான் என் மண்டையில் ஏறியது. பிறகு ஒரு சட்டி. பிறகு ஒரு கடலை வண்டி. நடைபாதையில் படுப்பவர் வண்டி வாங்க முடியாது, வண்டியை எங்கே படுக்க வைப்பது? காலையில் கராஜில் கடலை அவித்து, பின்னேரம் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவார். கிராம சேவகர் 14/1-க்குச் சான்றிதழ் தந்தார். அடையாள அட்டையும் வந்தது. குடி முழுதாக நிற்கவில்லை, ஆனால் வண்டி தள்ளும் நாட்களில் இல்லை. எங்கள் கமிட்டி வகுத்த படிகள் எல்லாம் ஒன்று விடாமல் நடந்தன, தலைகீழாக.

இலக்கத்தில் அவருக்கு ஒரு மோகம் பிடித்துவிட்டது. பஸ்ஸில் கொண்டக்டர் எங்கே இறங்குவது என்று கேட்டால் வெள்ளவத்தை என்று சொல்ல மாட்டார். ஒழுங்கையின் பெயரையும் பதினாலின் கீழ் ஒன்றையும் சிங்களத்தில் முழுதாகச் சொல்வார். ஆமியின் சென்றிப் பொயின்றில் யாரும் கேட்காமலே சொல்வார். அட்டை வந்த அன்று இன்னொன்றும் நடந்தது. “வேலைக்கா சார்?” என்று கேட்கும் மனிதர், “வேலைக்கா தம்பி?” என்று கேட்டார். என்னைவிட வயதில் மூத்தவர், கேட்க வேண்டிய முறையே அதுதான். இருந்தாலும் பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஏன் அன்ரி அப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கொழும்பில் வீடில்லாதவர் பிரச்சினை பற்றி ஏதும் கருத்துச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். கராஜ் சும்மா கிடந்தது என்றார். பிறகு கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தபோது, மகனின் அறையும் சும்மா கிடக்கிறது என்றார். அதற்கும் லண்டனிலிருந்து ரெலிபோன் வந்தது.

நான் கலியாணம் கட்டி, அடுத்த பகுதியான பாமன்கடையில் ஒரு மேல்மாடி வாடகைக்கு எடுத்துப் போனேன். கொஞ்ச நாளில் ஒரு ஞாயிறு பின்னேரம் மனைவியை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவருடைய வண்டி நின்றது. கழுத்தில் திறப்பு தொங்கியது. புது மனைவிக்கு முன்னால் கொஞ்சம் உயர்ந்து நிற்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நடைபாதையில் கிடந்தவர், நாங்கள் ஒரு கமிட்டி வைத்து இவருக்கு வீடு கொடுத்தோம் என்று, அவருக்கும் கேட்கிற மாதிரி மனைவிக்குச் சொன்னேன்.

அவர் கடலையைச் சுருளில் அள்ளி, மேலே மிளகாய்த் தூள் தூவி, முதலில் என் மனைவியிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நீங்க குடுத்தது கலண்டரு, தம்பி. வீடு குடுத்தது அம்மா.”